செல்வி சொல்லாத ஆசை

1978, வெள்ளி இரவு

கோபம் அடங்கவில்லை. "அம்மா மாதிரி கொழுந்து பறிக்கவே ஆசை" என்று என் ஆறாம் வகுப்பு செல்வி சொன்னதாகப் பத்திரிகையில் படத்தோடு வந்திருக்கிறது.

"நர்ஸ் ஆவணும்னுதானே சொன்னேன், டீச்சர்!" என்று அழுதாள். நிருபரிடம் மாற்றிச் சொன்னவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கும் ஆட்களையும் பார்க்கும் கிராணி.

இன்று வகுப்பில் அந்தச் செய்தியை வாசித்து, "இப்படி எழுதினால் யாருக்கு லாபம்?" என்று கேட்டேன்.

"நாங்க டவுனுக்குப் போயிட்டா கொழுந்துக்கு ஆள் ஏது லா, டீச்சர்?" என்றான் ஒருவன்.

நாளை பெற்றோர் கூட்டத்தில் செல்வி அந்தச் செய்தியை உரக்க வாசித்து, தான் உண்மையில் சொன்னதையும் சொல்லப்போகிறாள்.

"கிராணி எதிரிலேயே இருப்பார். பயமா இருக்கா?"

"அவருக்குத்தான் இருக்கணும், டீச்சர்."

முன்வரிசையில் அவருக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்து நானே துடைத்துப் போட்டுவிட்டு வந்தேன்.