நிச்சயமாக நீக்கவா?

வாலு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. நான் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன்.

ஆப் வடிவமைப்பு மாநாட்டில் நீ பேசிய வீடியோவைப் பார்த்தேன். அப்பா போன பிறகு அவர் நம்பரை என் போனிலிருந்து எடுக்கப் போனபோது, 'நிச்சயமாக நீக்கவா?' என்று அது கேட்டது. உன் மடியில் விழுந்து அழுதேன். அதைப் போய் யாரோ ஒரு பயனரின் கதைபோல மேடையில் சொல்லி, "பாவம், ஒரு பட்டனுக்கே அழுதுட்டாங்க" என்றாய். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீயும்தான்.

அம்மா

பி.கு: "கடைசியில அந்தம்மா என்ன செஞ்சாங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நீக்கிட்டாங்க" என்று அடித்துச் சொன்னாய். பயனரிடம் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதே என்று சொல்லும் புத்தகங்களை அலமாரி நிறைய வைத்திருக்கிறாய். என்னிடம் கேட்டாயா? அப்பா நம்பர் இன்னும் என் போனில்தான் இருக்கிறது.