தட்டல் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

பட்டறைக்குப் புது வண்டி வந்திருக்கிறது. எந்த வண்டி வந்தாலும் முதலில் பட்டியல் போட்டுவிட்டுப் பிறகு எழுதுவது என் வழக்கம். இல்லாவிட்டால் எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம்.

1. வண்டியும் உடையவரும்.
2. சக்தியைக் கூட்ட இருக்கும் வழிகள்.
3. அவற்றுள் நான் சொல்லக்கூடியது.
4. மகன் செய்யப்போவது.
5. மச்சினன்: கை சுத்தம், காது அவசரம். இல்லாத சத்தமும் அவனுக்குக் கேட்கும்.
6. நான்: காது மட்டும்.

ஒன்று. பிரிட்டனில் செய்த இரண்டு இருக்கை வண்டி. என் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இருக்கைகளுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின். அதன்மேல், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர். முந்நூற்றைம்பது குதிரைசக்தி. வாங்கி நாற்பது நாள்தான் ஆகிறது. உடையவர் ஒரு பல் டாக்டர் அம்மா, ஐம்பது வயதிருக்கும். "ரொம்ப நல்ல பிள்ளையா ஓடுது. கொஞ்சம் கோபம் வர வைங்க" என்றார். முந்நூற்றைம்பது போதாதா என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

இரண்டு. அ) எஞ்சினை ஆளும் கணினியில் எண்களை மட்டும் மாற்றுவது. பதினைந்து குதிரை கூடும், கெடுதல் இல்லை. ஆ) காற்று வடிகட்டியையும் புகைக்குழாயையும் மாற்றுவது. சுமார் இருபது குதிரை, மீதி சத்தம். இ) சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் சக்கரத்தைச் சிறியதாக மாற்றுவது. சக்கரம் சிறுத்தால் சார்ஜர் வேகமாகச் சுழலும், உள்ளே போகும் காற்று கூடும். எல்லாம் சேர்த்து அறுபது குதிரை. ஆனால் அழுத்திய காற்று கொதிக்கும். அதை ஆற்றப் பெரிய கூலர் வேண்டும். கூலர் கப்பலில் வர ஆறு வாரம். டாக்டருக்கு இந்த மாதக் கடைசியில் மலைப்பாதைப் பந்தயம்.

மூன்று. கூலர் வரும்வரை அ, ஆ இரண்டும் போதும்.

நான்கு. மகனிடம் சொன்னேன். பட்டறை அவனுடையது. மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, நாளையிலிருந்து காதை மட்டும் கொண்டு வாங்க. வாயை வீட்லயே வச்சிட்டு வாங்க" என்றான். பெயின்டர்கள் இருவரும் சிரித்தார்கள். மச்சினன் மட்டும் ஸ்பேனரைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டான். ஆக, இ.

ஐந்தும் ஆறும் பிறகு. கை வலிக்கிறது.

மார்ச் 6, வியாழன்

மச்சினன் என் மனைவியின் தம்பி. பட்டறை திறந்த நாளிலிருந்து, பதினான்கு வருடமாக, அவன்தான் தலைமை மெக்கானிக். நான் பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் எஞ்சின் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மகன் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, தட்டல் கேட்பது.

தட்டல் என்பது இது: சிலிண்டருக்குள் தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். சூடு மிஞ்சினால், தீ போய்ச் சேருமுன்பே ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். பிஸ்டன் தலையில் சின்னச் சுத்தியல் அடி. நூறு அடி தாங்கும். ஆயிரம் தாங்காது. இதைக் கண்டுபிடிக்க வண்டியிலேயே ஒரு சென்சார் உண்டு. சின்னச் சக்கரம் போட்டால் பெல்ட் போடும் இரைச்சலில் அது குழம்பும் என்று மகன் அதைக் கணினியில் பாதி செவிடாக்கி வைத்துவிட்டான். மீதி என் பொறுப்பு. எஞ்சினில் திருகிய மைக், என் தலையில் ஹெட்போன். வண்டி, சக்தியை அளக்கும் டைனோ உருளைகளின்மேல் நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடும். தட்டினால் நான் கை தூக்க வேண்டும். தட்டாவிட்டால் தாளில் 'தட்டல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பட்டறையில் எனக்குப் பாம்புக் காது என்று பெயர். வைத்தவன் மச்சினன்தான்.

மார்ச் 12, புதன்

இன்று ஓட்டினார்கள். மகன் தீப்பொறி நேரத்தை இரண்டு டிகிரி முன்னால் தள்ளியிருந்தான். அதில்தான் சக்தி, அதில்தான் ஆபத்தும். முதல் ஓட்டம் எனக்குச் சுத்தமாக இருந்தது. கை தூக்கவில்லை. என்ன தோன்றியதோ, மச்சினன் "ஒரு தடவை குடுங்க அத்தான்" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டான். இரண்டாவது ஓட்டத்தின் பாதியில் கையை உயரத் தூக்கினான்.

"நிறுத்து, நிறுத்து! நாலாயிரத்தைந்நூறு தாண்டினா பொரியுது. தகரத்துல மணல் கொட்டுற மாதிரி."

"மாமா, அது பெல்ட் சத்தம்" என்றான் மகன்.

"பெல்ட் சத்தம் எனக்குத் தெரியாதா? உன் அப்பாவை இன்னொரு தரம் கேக்கச் சொல்லு."

"அப்பா இதைப் போர்டுல எழுதி முப்பது வருஷம் பாடம் எடுத்தவரு. நீங்க நட்டு முடுக்குங்க."

எத்தனை வருடம் கழித்து நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறான்! மறுபடி மாட்டிக்கொண்டு மூன்றாவது ஓட்டத்தைக் கேட்டேன். கடல் இரைவதுபோல் ஒரே இரைச்சல். அதற்குள் மணலும் இல்லை, தகரமும் இல்லை.

'தட்டல் இல்லை.' தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மச்சினன் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அந்தப் பாராட்டுக்காகவா கையெழுத்துப் போட்டேன்? இல்லை. கேட்கவில்லை, அதனால் போட்டேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

நானூற்றுப் பதினொன்று குதிரை. டாக்டர் எனக்கும் கை கொடுத்தார்.

மார்ச் 30, ஞாயிறு

பந்தயத்தின் மூன்றாவது வளைவில் நீலப் புகை. எஞ்சின் போய்விட்டது. டாக்டருக்கு ஒன்றும் இல்லை. கீழிருந்து வந்த வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று, எல்லோரும் தாண்டிப் போவதைப் பார்த்தாராம்.

ஏப்ரல் 2, புதன்

எஞ்சினைத் திறந்தோம். ஒரு பிஸ்டனின் விளிம்பு உடைந்து உள்ளேயே அரைபட்டிருந்தது. மற்ற ஐந்தின் ஓரங்களும், சின்னச் சுத்தியல் அடி பட்டு, கரையான் அரித்ததுபோல் புள்ளி புள்ளியாக இருந்தன. இது எதனால் வரும் என்று வினாத்தாளில் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறேன். பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

மகன் பெட்ரோல் இன்ஜெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதன் ரப்பர் சீலில் ஒரு வெட்டு.

"சீல் வெட்டுப்பட்டிருக்கு. வெளிக்காத்து உள்ள போயி, பெட்ரோல் பத்தாம, சூடேறி உடைஞ்சிருக்கு. மாட்டினது யாரு மாமா?"

"நான்தான். மாட்டும்போது முழுசா இருந்துது. இப்ப நீ இடுக்கி போட்டு இழுத்தியே, அதுல வெட்டினது."

"ஓ, நான் வெட்டினேனா?"

"அன்னைக்கே சொன்னேனேடா, பொரியுதுன்னு!"

"சொன்னது நீங்க. எழுதினது அப்பா. எழுதினதுதான் நிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அப்பா, எழுதினது சரியா, தப்பா?"

கம்ப்ரெசர்கூட அந்த நேரம் பார்த்து நின்றுபோயிருந்தது. மச்சினன் என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. அவசரப்படாமல் யோசியுங்கள் என்பதுபோல்.

"சரிதான்" என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டரை வரவழைத்து அவர் முன்னால் மச்சினனை நிறுத்தினான் மகன். "மன்னிப்பு கேளுங்க மாமா. கஸ்டமர் நிக்கிறாங்கல்ல."

அறுபது வயது நெருங்குகிறவன். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. "தப்பு நடந்துபோச்சும்மா" என்றான். நடந்துபோச்சு என்றானே தவிர, செய்தேன் என்று சொல்லவில்லை. அது டாக்டருக்கும் புரிந்தது.

"நான் தப்பான பல்லைப் பிடுங்கிட்டு நடந்துபோச்சுன்னா நீங்க விட்டுடுவீங்களா?"

பெயின்டர்கள் சிரித்தார்கள். எதற்கும் சிரிப்பவர்கள்.

வேலையைவிட்டு அனுப்புமுன் கருவிப் பெட்டி. பட்டறைச் சாமான் ஏதும் கலந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு இழுப்பறையையும் தரையில் கவிழ்க்கச் சொன்னான். மச்சினன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். "இது என்னுது. இது என்னுது. இது உங்கப்பா குடுத்தது." பதினாறாம் நம்பர் ஸ்பேனர். பட்டறை திறந்த அன்று நான் கொடுத்தேன். மகன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குத் தலையாட்டத் தெரிந்தது எனக்கு.

என்ன மனுஷன்டா நீ? ரெண்டே வார்த்தை. 'எனக்குச் சந்தேகமா இருக்கு'ன்னு சொல்ல நாக்கு வரலையா? அவன் உன் மகன்தானே, புலியா? கடிச்சுத் தின்னுடுவானா?

ஏப்ரல் 5, சனி

மனைவி கேட்டாள்: "நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா, இல்ல அவனுக்குப் பயந்துட்டு எழுதினீங்களா?" நிஜமாகவே கேட்கவில்லை என்றேன். "நீங்க பொய் சொல்றவர் இல்ல" என்று எழுந்துபோனாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். கண், காது இரண்டும். காதுக்கு ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டு வந்தேன். பிறகு ஒரு பெரிய இடைவெளி. காத்திருந்தேன்.

அந்தப் பெண் கதவைத் திறந்தாள். "ஐயா, ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க?"

"சத்தம் வரட்டும்னுதாம்மா."

"வந்துக்கிட்டேதான் ஐயா இருக்கு."

வரைபடம் கொடுத்தார்கள். பேச்சுச் சத்தம் இருக்கும் இடம்வரை கோடு ஓரளவு நேராகப் போகிறது. மூவாயிரம் அதிர்வு தாண்டியதும் சறுக்குமரம். ஆறாயிரத்தில் இரண்டு காதும் தரையில் கிடக்கின்றன. "வயசுக்கு இது சகஜம். வண்டி ஓட்ட இது போதும்" என்று முத்திரை குத்தினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சான்றிதழின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வகுப்பில் இருநூறு தடவை போட்ட கணக்கு. சிலிண்டரின் விட்டம் தெரிந்தால் அதில் தட்டல் எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்று சொல்லிவிடலாம். டாக்டர் வண்டியின் சிலிண்டர் தொண்ணூற்றுநான்கு மில்லிமீட்டர். விடை, நொடிக்கு ஆறாயிரத்து நூறு அதிர்வு.

இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறை π-இன் மதிப்பைத் தசமத்தில் நீட்டிப் பார்த்தேன். ஆறாயிரத்து நூறுதான்.

ஏப்ரல் 23, புதன்

பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். நான் கடைசியாகக் கை தூக்கியது மூன்று வருடத்துக்கு முன். அதன் பிறகு வந்த எழுபத்தெட்டு வண்டிக்கும் 'தட்டல் இல்லை'. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. எழுத்து மட்டும் அழகாக இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

சொல்லிவிடுவது என்று முடிவு. எப்படிச் சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டேன். முதலில் வரைபடத்தைக் காட்டுவது, பிறகு கணக்கு, பிறகு மச்சினனைக் கூப்பிடச் சொல்வது. மகன் அறைக்குள் போனேன்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. பேனா இருந்தா ஒண்ணு குடு."

கொடுத்தான். "பேனா கேக்க எதுக்கு இப்படி நடுங்குறீங்க?" என்றான்.

மே 9, வெள்ளி

ஒரு வழிமுறை வகுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த வண்டியானாலும் முதல் இரண்டு ஓட்டத்துக்குச் சும்மா இருப்பது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குவது. மகன் உடனே ஒரு டிகிரி பின்னால் இழுக்கிறான். நான்காவதற்கும் தூக்குகிறேன். இன்னொரு டிகிரி. ஐந்தாவதில் 'தட்டல் இல்லை'. நாலைந்து குதிரை குறையும், எஞ்சின் பிழைக்கும். என்ன கேட்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. கேட்பதெல்லாம் கடல்தான்.

இன்று சாப்பிடும்போது மகன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "பாத்தீங்களா? மாமா போனதுக்கப்புறம் ஒரு எஞ்சின்கூடப் போகல. தப்பு எங்க இருந்துதுன்னு இப்பப் புரியுதா?"

பெயின்டர்கள் புரிகிறது என்றார்கள். நானும் தலையாட்டினேனோ? ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

மனைவி தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். அவனுக்கு எந்தப் பட்டறையிலும் எஞ்சின் வேலை கிடைக்கவில்லையாம். பிஸ்டனை உடைத்தவன் என்று பெயர் பரவிவிட்டது. ஒரு டயர் கடையில் பஞ்சர் பார்க்கிறான்.

"மருமகன்தானே, ஒரு தடவை வந்து மன்னிப்பு கேட்டுட்டு வேலையில சேந்துக்கோடான்னு கெஞ்சினேங்க. செய்யாத தப்புக்கு ஒரு தடவை கேட்டாச்சு, இனிமே கேக்க மாட்டேங்கிறான். வேணும்னா போய் அத்தானைக் கேளு அக்கான்னான்."

நான் காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"உங்களை எதுக்கு நான் கேக்கணும்? நீங்கதான் கையெழுத்தே போட்டுட்டீங்களே. தப்பு பண்ணினவனுக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது. இனி அவன் இருக்கிற பக்கமே போக மாட்டேன்" என்று அழுதாள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்ணாடி மாத்தணுங்க, எழுத்தெல்லாம் கலங்குது, ஆறு மாசமா சொல்றேன்" என்றாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். இந்த நோட்டு அவள் கண்ணெதிரே மேசைமேல்தான் இருக்கிறது.

அவள் படுத்துக்கொண்ட பிறகு மார்ச் 4-இல் போட்ட பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்தாவது வரி தவறு. அந்தச் சத்தம் இருந்தது, அவனுக்குக் கேட்டது. மற்றவை அப்படியே இருக்கட்டும்.