கத்தி என்று சொன்னேன்

மார்ச் 4
தம்பி இன்றும் தூங்கவில்லை. சுவரோடு பேச்சு. நான் உள்ளே போனால் நிறுத்திவிடுகிறான், ஏதோ ஒட்டுக்கேட்க வந்தவள் போல. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்துகொண்டு, யாருக்காவது பல்வலி என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வைத்துவிடுகிறேன். இவனுக்கு மனநல டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி.

மார்ச் 6
அறையைத் தாழிட்டுக்கொண்டு, "என்னைக் கொல்ல ஆள் வருது"ன்னு ஒரே அலறல். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போன் செய்தேன். "வர மாட்டேங்கிறாரா? போலீசைக் கூப்பிடுங்க." கூப்பிட்டேன். "நோயாளின்னா ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கம்மா." மறுபடி போலீசுக்கே அடித்தேன். கையில் கத்தி வைத்திருக்கிறான் என்றேன்.

பறந்து வந்தார்கள். நான்கு பேர், தலைக்கவசம், கேடயம். கதவை உடைத்தார்கள். அவன் கையில் இருந்தது சீப்பு. அமுக்கிப் பிடித்ததில் தோள் மூட்டு நழுவிவிட்டது. "அக்கா, நான் ஒண்ணும் பண்ணலன்னு சொல்லுக்கா!" நான் வாயே திறக்கல. பாவி நான்.

ஆள் வருது ஆள் வருதுன்னு கத்தினவனுக்கு நானே ஆளை அனுப்பினேன்.

மார்ச் 7
அவனை மனநலப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 19
வீட்டுக்கு வந்துவிட்டான், தோளில் கட்டோடு. என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் போனில் சொன்னது கதவு வழியே கேட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டிய நர்ஸும் வரவில்லை. போன் செய்து கேட்டால், "உங்க முகவரியில ஆயுதம்னு குறிப்பு இருக்குங்க. போலீஸ் இல்லாம வர முடியாது." அப்படியானால் இனி எப்போதும் கேடயம்தான் முதலில் வருமா? உண்மையைச் சொல்லிவிடலாமா? பொய்ப் புகார் என்று என்னை உள்ளே வைத்தால் இவனை யார் பார்ப்பது? — நல்ல சாக்கு.

மார்ச் 23
ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "உள்ள போன பசங்களும் கத்தின்னு நம்பித்தான் போனாங்க. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனாங்க." அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. குறிப்பை எடுத்துவிடுவதாகச் சொன்னார். என் மேல் வழக்கு உண்டா என்று பிறகு தெரியுமாம். வரட்டும்.

மே 2
மறுபடி தாழ். இந்த முறை மனநலப் பிரிவுக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். வர வெகுநேரம் ஆயிற்று. கூட வந்த காவலரை மாடிப்படிக்குக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு, நர்ஸ் மட்டும் மேலே வந்து கதவருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டா அவ?" உள்ளிருந்து தம்பி.

"நீங்க பயந்து போயிருக்கீங்கன்னு சொன்னாங்க."

"வேற?"

"கையில ஒண்ணும் இல்லைன்னாங்க."

நர்ஸ் அப்படியே உட்கார்ந்து காத்திருந்தார். எனக்குத்தான் கதவைத் தட்டக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். தாழ் விலகியது. வெளியே வந்தவன் நர்ஸைப் பார்த்தான், படிக்கட்டை எட்டிப் பார்த்தான், கடைசியில் என்னை.

"போலாம். செருப்பை எடுத்துக் குடுக்கா."

குனிந்தால் இன்னும் தோள் வலிக்கும் அவனுக்கு. நானே மாட்டிவிட்டேன்.