பர்னபே மரியாதையாகப் பேசுகிறான்

அன்பு மகன் சித்நோமாவுக்கு, கூதுகூவிலிருந்து அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்குக் குறைவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். மொந்த்ரியால் பனியில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். லீவு கிடைக்காமல் அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று உன்னை வருத்திக்கொள்ளாதே. இங்கேயே இருந்த நானே ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

பக்கத்து வீட்டுத் தையல்காரன் பர்னபே தோயே சாமோ இனம், நாம் மோசி இனம். இரண்டு இனமும் பார்த்த இடத்தில் கேலியாகத் திட்டிக்கொள்ள வேண்டிய முறை, கோபித்துக்கொள்ளக் கூடாத முறை. முப்பது வருடமாகக் காலையில் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "டேய் மோசி, என் அடிமைப் பயலே, இன்னும் சாகலையா நீ?" என்பான். "உன் நாய்த்தலைக் குழம்ப நக்கிட்டுத்தான்டா சாவேன்" என்பேன். அம்மாவுக்கு மூட்டுவலி வந்தபோது தன் மொபெட்டில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதும் அவன்தான், "மோசி மூட்டை என்னா கனம்" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே.

அடக்கத்தன்றும் அவன் முறைக்காரன் வேலையைச் செய்யத்தான் வந்தான், செத்தவரைப் போல நடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்து அனுப்புவது. அம்மாவின் துணியை இடுப்பில் சுற்றி, தலைக்கட்டைக் கோணலாகக் கட்டி, குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "எனக்குக் கோழி குடுக்காம இவள யாருடா புதைக்கிறது? இவ செத்தெல்லாம் போகல, சமைக்கச் சோம்பல்பட்டுத் தூங்குறா" என்றான். அழுதுகொண்டிருந்த உன் சித்திகூடச் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து அம்மாவைப் போலவே நொண்டிக்கொண்டு என்னிடம் வந்து, "வாத்தியாரே, சாக்பீஸ் கையோட சோத்துல கை வைக்காதீங்க" என்றான். சித்நோமா, அது அவள் குரலேதான். என்னால் தாங்க முடியவில்லை. தலைக்கட்டைப் பிடுங்கி, அவனை நெஞ்சில் தள்ளி, "வெளிய போ, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கத்திவிட்டேன். அவன் துணியை அவிழ்த்து மடித்து என் நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அம்மாவைச் சிரிப்பில்லாமல் அனுப்பிவிட்டேன்.

இப்போது காலையில், "வணக்கம் ஐயா, நல்லா தூங்குனீங்களா?" என்கிறான். போன வாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றான். மன்னிப்புக் கேட்டதுதான் என் இரண்டாவது தவறு, அது அந்நியர்கள் செய்துகொள்வது. நான் திட்டத்தான் போயிருக்க வேண்டும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறிமாறிக் குத்தும்போது ஒருத்தி உலக்கையை நிறுத்திவிட்டால் மற்றவளுக்கும் கை ஓடாது, அப்படி இருக்கிறது எனக்கு.

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி அம்மாவுக்குக் கடைசிச் சடங்கு. அன்று பர்னபே அவளாக நடந்து காட்ட வேண்டும். அவள் நடை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்தக் குரலை இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும், இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்பேன். நீ அவனுக்குப் போன் செய். நான் வாயைத் திறந்தால் வசவுக்குப் பதில் அழுகை வருகிறது. நீ அவளுடைய மகன், உனக்கும் அந்த உரிமை உண்டு, கூச்சப்படாமல் நன்றாகத் திட்டு.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும், உங்கள் வீட்டில் பேச்சும் சத்தமும் குறையாதிருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். பர்னபேயின் எண்ணை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். அவன் உன்னைத் திருப்பித் திட்டினானா என்பதை மட்டும் உடனே எனக்குச் சொல்.

உன் அப்பா,
தப்சோபா