அப்பா கும்பிட்ட குழி

முகோ
ஏப்ரல் 19

அன்பு மகள் சியோரிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அவர் புத்தியைப் பற்றி மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது. குஷிரோவில் இன்னும் பனி விழுகிறதா, பிள்ளை கன்தாவின் இருமல் நின்றதா, எழுது.

பின்னால் மூங்கில் கொல்லையில் உங்கள் இருவருக்கும் இரண்டு அறை கட்ட மனுக் கொடுத்திருந்தோம் அல்லவா, முதலில் நகராட்சி ஆட்கள் தோண்டிப் பார்க்க வேண்டும், கீழே ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் சக்கரவர்த்தி இருந்த பழைய தலைநகரம் கிடக்கிறதாம். ஏதாவது அகப்பட்டால் வேலை எத்தனை மாதம் நிற்குமோ என்று எனக்கு ஒரே கவலை. உன் அப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. அரண்மனைத் தூண் நம் கொல்லையில் கிடைக்க வேண்டும், அதை உன் சித்தப்பாவிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அரண்மனை இருந்தது நம் முகோவில், நகாவோகாக்யோ என்று தலைநகரின் பெயரைத் தூக்கி வைத்துக்கொண்டது சித்தப்பா இருக்கும் பக்கத்து ஊர், அதற்கு இவர் ஐம்பது வருஷமாகப் பல்லைக் கடிக்கிறார். புத்தாண்டுக்கு வந்த சித்தப்பா, "அரண்மனை உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே, பேரைப் பாத்து வர்றவன் எங்க ஊர்லதானே இறங்குறான்" என்றார். இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எழுபதைத் தொட்ட இரண்டு ஆண்பிள்ளைகள் அடித்துக்கொள்வது ஒரு பெயர்ப்பலகைக்கு.

செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் வட்டமாகக் கறுத்த மண் தெரிந்தது. தூண் நட்ட இடம் அப்படித்தான் இருக்கும் என்று எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறார். தோண்டுகிற பெண் "பொறுங்க ஐயா, இன்னும் பாத்து முடிக்கல" என்று சொல்லச் சொல்ல, உள்ளே ஓடி சாக்கே மதுவும் உப்பும் கொண்டுவந்து குழியோரம் படைத்து, கைதட்டிக் கும்பிட்டு, சித்தப்பாவையும் போன் போட்டு வரவழைத்துவிட்டார். சித்தப்பா வந்து நிற்கவும் அந்தப் பெண் உடைந்த ஜாடி ஓடு ஒன்றை வெளியே எடுக்கவும் சரியாக இருந்தது. என் மாமனார் மூங்கிலுக்கு எருவாக ஊற்ற வீட்டுக் கழிப்பறைக் கழிவைச் சேர்த்து வைத்த ஜாடி அது. நான் மருமகளாக வந்த வருஷம்தான் அந்தக் குழியை மூடினார்கள், எனக்கு முதலிலேயே தெரியும். கும்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேறு ஒன்றும் அகப்படவில்லை, கட்டிக்கொள்ளலாம் என்று தாள் வந்துவிட்டது. இவர் நான்கு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், நீ அதைக் கண்டுகொள்ளாதே.

புருஷனை விட்டுவிட்டு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருந்தாய். சொல்லத்தான் சொல்கிறார்கள். எதிர்வீட்டு ஓக்குரா அம்மாள் குப்பை வைக்கிற இடத்தில் என்னை நிறுத்தி, "பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கலையாமே உங்க பொண்ணு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சக்கரவர்த்தியும் பத்தே வருஷத்துல இந்த ஊரை விட்டுட்டு கியோத்தோவுக்குப் போனவர்தான். அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கல, அவர் விட்டுட்டுப் போன இடத்துக்கு ரெண்டு ஊரு அடிச்சுக்குது. என் பொண்ணுகிட்ட மட்டும் கேக்க வந்துட்டீங்க" என்றேன். குப்பையை வைக்க மறந்து கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

மூங்கில் முளை அனுப்பியிருக்கிறேன், தவிடும் கூட இருக்கிறது, வந்த அன்றே அதைப் போட்டு வேகவைத்துவிடு, வைத்திருந்தால் கசக்கும். நீயும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். வரும்போது பகல் வண்டியில் வா. பெட்டிகளோடு ஓக்குரா வீட்டு வாசல் வழியாகவே நடந்து வா.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா கிகுயே