கட்டிலுக்கு அடியில் உன் கல்யாணப் பூ

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் காட்டுமன்னார்கோயிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் பழைய புடவையில் சுற்றிய ஃப்ரேம். "வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோங்க. செவுத்துல ஓதம் ஜாஸ்தி, இதுவும் நனஞ்சி போச்சு. அவ போனப்புறம் இதப் பாக்கவும் முடியல. உங்க கைவேலதானே, நீங்களே வெச்சிக்குங்க" என்றார். காபி போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அவர் தெருமுனை திரும்பியதும் கண்ணாடியின் உடைந்த மூலையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். லேசாக மரிக்கொழுந்து வாசனை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆறு வருஷமாக உன்னிடம் ஒளித்த ஒன்றை இப்போதாவது சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிதம்பரத்தில் தாவரவியல் படித்த மூன்று வருஷமும் நமக்கு ஒரே பெஞ்சு, ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்து அறை. பறித்து வந்த செடியைச் செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, இரண்டு பலகைக்கு இடையில் வைத்து, வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. தினமும் ஈரம் குடித்த தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். எனக்கு மறதி. அதனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நீ வந்து கதவைத் தட்டுவாய்: "பேப்பர் மாத்துனியாடி?" நாளாக ஆக, நல்லாயிருக்கியா, சாப்பிட்டியா எல்லாவற்றுக்கும் நமக்கு அந்த ஒரு கேள்விதான்.

காய்ந்த செடியை அட்டையில் ஒட்டி, மூலையில் ஒரு சீட்டு எழுத வேண்டும். பெயர், இடம், நாள், சேகரித்தவர், கடைசியில் குறிப்பு. குறிப்பில் எழுத எனக்கு ஒன்றும் தோன்றாது, காலியாக விட்டுவிடுவேன். நீ "காலில் முள் குத்தியது", "பஸ்ஸை விட்டோம்" என்றெல்லாம் எழுதி மேடத்திடம் திட்டு வாங்குவாய்.

2005 ஐப்பசியில், அடைமழையில், சிதம்பரத்தில் உன் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது என்னை மணப்பெண் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாய். மாலையிலிருந்து நாலு பன்னீர் ரோஜாவும் ஒரு கொத்து மரிக்கொழுந்தும் பிய்த்துக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாய். "நாளைக்கு மாலய ஆத்துல விட்டுருவாங்கடி. நாலு பூ கொறஞ்சா ஆறு கேக்கவா போவுது? நீ பிரஸ் பண்ணி வையி. அங்க போனதும் மொத வேலயா ஒனக்குப் போன் பண்றேன்."

அம்மா இறந்தபிறகு திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் நான் தனியாக இருந்த முதல் மழைக்காலம் அது. தாள் காயவே இல்லை. இஸ்திரி போட்டுக் காயவைத்து ஐந்து நாள் ஒழுங்காக மாற்றினேன். ஐந்து நாளும் உன் போன் வரவில்லை. பள்ளிக்கூடத்து லேபில் வேலை முடிந்ததும் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு ஓடி வந்து, போன் பக்கத்திலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டேன். ஆறாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. புது வீடு, புது மனுஷங்க, அவளுக்கு நான் எதுக்கு என்று நினைத்தேன். பலகை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். வேண்டுமென்றே நீட்டவில்லை. மறதி என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

பத்தாம் நாள் போன் அடித்தது. "மழையில லைன் போச்சுடி, ஊரு பூரா போன் இல்ல. பேப்பர் மாத்துனியா?" என்றாய்.

"மாத்திக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தால் நாலு ரோஜாவும் கறுத்து, வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. மரிக்கொழுந்து மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு பூக்கடைக்கு ஓடினேன். அந்த மழையில் பன்னீர் ரோஜா வரத்து இல்லை, பட்டன் ரோஸ்தான் இருந்தது. காய்ந்தால் எல்லா ரோஜாவும் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாங்கினேன். அதற்கு மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் தாள் மாற்றினேன்.

தை மாதம் அந்த ரோஜாவையும் தப்பிய மரிக்கொழுந்தையும் ஃப்ரேம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தபோது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் சிரித்து, "சூப்பரா இருக்குடி" என்று கட்டிக்கொண்டாய். அன்றைக்கே கூடத்தில் மாட்டினாய். அதற்கப்புறம் உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன்.

கடைசியாக உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வார்த்தையெல்லாம் கூட்டி வைத்திருந்தேன். நீ கண்ணைத் திறந்து, காற்றாகப் போன குரலில் "பேப்பர் மாத்துனியாடி?" என்றாய். தலையை ஆட்டினேன். பஸ் ஸ்டாண்டில் யார் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல் அழுதேன்.

ஃப்ரேமைக் காயவைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமையே பின்பக்க அட்டையைக் கழற்றினேன். உள்ளே ஒரு சீட்டு, உன் கையெழுத்து.

பெயர்: பட்டன் ரோஸ், நான்கு.
இடம்: திருப்பாதிரிப்புலியூர் பூக்கடை.

நாள் என்ற இடத்தில் நான் ஃப்ரேமைக் கொடுத்த அதே தேதி. சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். கடைசி வரி:

குறிப்பு: நான் போன் பண்ணாத பத்து நாள்.

கூடப் படித்தவளிடம் போய்ப் பூவை மாற்றி ஏமாற்ற நினைத்திருக்கிறேன் பார். என்னைத் திட்டியிருக்கலாம் நீ. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். மனசு உன்னை ரொம்பத் தேடுகிறதடி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கேள்வி கேட்க ஆளில்லை.

சீட்டு ஓதத்தில் நைந்திருந்தது. பரண்மேல் கிடந்த பழைய பலகையைத் துடைத்து, செய்தித்தாளுக்கு நடுவே அதை விரித்து, வாரை இழுத்துக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்றோடு நாலு நாள்.

பேப்பர் மாத்திட்டேன்டி.