சிவப்புத் தலை சர்வே குச்சி

காயாவுக்கு வடக்கே, நம் ஊர்
செப்டம்பர் 14, 1991

மகள் லமூசாவுக்கு, உன் அப்பனின் சிநேகிதன் பாரே மாமா எழுதுவது. நீயும் கைக்குழந்தையும் அபிஜானில் சுகமாக இருக்க வேண்டும்.

இதில் கேலி எதுவும் இல்லையம்மா. உன் அப்பன் திராவ்கோ போன செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துவிட்டான்.

நீ நம்பமாட்டாய். நான் சமோ இனத்துக்காரன். மோசி இனத்துக்காரர்களான உங்களைக் கழுதைக்கறி தின்னி என்று நான் கேலி செய்வதும், என்னை நாய்க்கறி தின்னி என்று நீங்கள் கேலி செய்வதும் நம் இரண்டு இனத்துக்கும் முறை. அந்த முறையை வைத்துக்கொண்டு அவன் செத்துவிட்டதாக மூன்று தடவை பொய் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்தன்றுகூட, "பொண்ணோட அப்பன் போய்ட்டான், கழுதைக்கறி பூரா எனக்குத்தான்" என்று கத்தினேன். நீதான் அதிகம் சிரித்தாய்.

அவன் படுக்கையில் விழுந்ததும் ரயிலில் அபிஜான் போகும் வியாபாரியிடம் உனக்குச் சொல்லி அனுப்பினேன். "அந்த நாய்க்கறி தின்னிகிட்ட சொல்லுங்க, இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்" என்றாயாம். வியாபாரி திரும்பி வந்து அதை உன் அப்பன் எதிரிலேயே சொன்னான். உன் அப்பனும் சிரித்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

உன் கோபம் தெரியும். வயலின் நடுவில் நீளமாக ஒரு நிலப் பட்டையை ரயிலுக்கென்று தரிசாகப் போட்டு வைத்தான். காயா வரைக்கும் தண்டவாளம் போட நாங்கள் இருவரும் மண் சுமந்தோம், அதனால் இங்கேயும் வரும் என்று நம்பினான். வேலை காயாவோடு நின்றுபோனது. மழை பொய்த்த வருஷம் நீ அந்தப் பட்டையில் கம்பு விதைத்தாய், பயிரைப் பிடுங்கிப் போட்டான். அந்த வாரமே நீ அபிஜானுக்கு வண்டி ஏறினாய்.

சாவு வீட்டில் செத்தவன் மாதிரி நடித்துச் சிரிக்க வைப்பதும் எங்கள் முறைதானே. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "எறங்குங்கடா, வண்டி வர்ற எடம்" என்று அவன் மாதிரியே பிள்ளைகளை வயலில் தடியோடு துரத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பட்டைக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டேன். அங்கே பயிர் நிற்கிறது, லமூசா.

இந்த வருஷம் முதல் மழையிலேயே அவன் அதில் நிலக்கடலை போட்டுவிட்டான். ரயில்காரர்கள் தண்டவாளத்துக்கு அளந்து அங்கே நட்ட சிவப்புத் தலைக் குச்சியைத் தானே பிடுங்கி என் கையில் கொடுத்து, "வண்டி வராது. அவ வருவா. நீ ஒண்ணும் எழுதாத, வந்து பாக்கட்டும்" என்றான். நானும் எழுதாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

அந்தக் குச்சியைத்தான் துணியில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். அதைத் தொட்டதற்கே ஒருமுறை என்னைக் கல்லால் அடித்தவன் அவன். கேலிக்காக அதை என்னால் பிடுங்கியிருக்க முடியுமா, நீயே சொல்.

இன்னும் நான்கு வாரத்தில் கடலை முற்றிவிடும். அதுவரை ஆடு வாய் வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். காயாவில் இறங்கு, வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பேன். இறங்கியதும் என்னை நாய்க்கறி தின்னி என்று வாய் வலிக்கத் திட்டு. உங்கள் வீட்டில் என்னைத் திட்ட இப்போது ஆள் இல்லை.

கடவுள் உன்னையும் பிள்ளையையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மாமன்,
பாரே